மனசுக்குள் நாவல் வைத்திருக்கும் நண்பர்களுக்கு

அன்புள்ள கரிசல்காட்டு நண்பர்களுக்கு,

மாதம் ஒரு ஞாயிறு நாம் கூடிப் புத்தகம் பேசுகிறோம். பேச்சு முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கும் நேரத்தில் உங்களில் யாராவது ஒருவர் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, "ஒரு நாவல் மனசுல கெடக்கு அண்ணாச்சி, எழுதணும்" என்கிறீர்கள். எந்த ஊர், எந்தக் காலம், யாருடைய கதை என்று கேட்டால், நின்ற நிலையில் அரைமணி நேரம் சொல்கிறீர்கள். கேட்கிற எனக்கு உடம்பு சிலிர்த்துவிடுகிறது. அடுத்த மாதம் வரும்போது, எழுதினீர்களா என்று நான் கேட்பதற்கு முன்பே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மில்லில் சைடு ஓட்டுகிறவர், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், பஸ் கண்டக்டர், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போதுதான் மூச்சு விடுகிற அக்காமார் என்று ஆளுக்கு ஒரு பிழைப்பு. இந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறீர்கள்.

இதைச் சோம்பல் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேரே கூட்டத்துக்கு வருகிறவரைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? இது பயம். அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு "நேரமே கிடைக்கலை" என்கிறீர்கள். நேரில் நான் பேச்செடுத்தால் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள் என்பதால் எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் வாயிலிருந்து அதிகம் வந்தது "எனக்கு என்ன தகுதி இருக்கு?" என்ற கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையில் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத உ.வே.சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். ஐயருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்காகப் பாடம் கேட்டவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரிக்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசைந்துகொடுக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா? சீவக சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை? ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் படித்ததில்லை. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துவிடும் தைரியம் உண்டு என்று மட்டும் சொல்கிறார் ஐயர். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியையே அவர் கையில் கொடுத்துவிடுகிறார்.

பிரித்துப் பார்த்தால் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை கூடவே இருந்தும் விளங்கவில்லை. சைவ மடத்தில் படித்து வளர்ந்தவருக்கு அந்தச் சமணக் காப்பியத்தின் கோட்பாடுகள் முற்றிலும் அந்நியம். அந்தப் பிரதியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போனார். அவர் போன வீட்டில் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறது. இன்று என்ன விசேஷம் என்று கேட்கிறார். சிந்தாமணி படித்து முடித்த நாள், அதற்காகத்தான் என்கிறார்கள். தாம் விளங்காமல் தவித்துக்கொண்டிருந்த காப்பியம், தாம் குடியிருக்கும் ஊரிலேயே ஒரு வீட்டில் பக்தியோடு வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது! அங்கே உட்கார்ந்து பாடம் கேட்டார். ஏடுகளைத் தேடித் தேடி ஒப்பிட்டார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. அதன் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்ததெல்லாம் நமக்குத் தெரிந்த வரலாறு.

இதில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. 1880-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் தகுதி ஐயருக்கு இல்லை. 1887-இல் இருந்தது. இடையில் யாரும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. அந்த வேலையே அவரை அந்த வேலைக்கு உரியவராக ஆக்கியது. முதல் பதிப்போடு அவர் நிற்கவும் இல்லை. பின்னால் தெரிந்துகொண்டதையெல்லாம் சேர்த்துத் திருத்தி 1907-இல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். அது பதிப்பு வேலை, நாவல் வேறு சமாச்சாரம் என்று நீங்கள் சொல்லலாம். வேறுதான். ஆனால் தகுதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் ஒன்றே. நாவல் எழுதத் தெரிந்த பிறகு நாவல் எழுத உட்கார்ந்த ஒருவரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. முதல் நாவலை முடிக்கிறபோதுதான் அந்த நாவலை எழுதுவது எப்படி என்று எழுதியவருக்கே பிடிபடுகிறது.

அடுத்தது, "என் தமிழ் சரியில்லை."

சுந்தர ராமசாமிக்குப் பதினெட்டு வயதுவாக்கில்தான் தமிழில் எழுதப் படிக்கவே வந்தது. அதற்கு முன்பு அவர் மலையாளமும் ஆங்கிலமும் படித்தவர். அவர் 'ஒரு புளியமரத்தின் கதை'யை 1959-இல் சரஸ்வதி பத்திரிகையில் தொடங்கினார். பத்திரிகை நின்றுபோனது, நாவலும் பாதியில் நின்றது. பல ஆண்டுகள் கழித்து எடுத்து முடித்து 1966-இல் புத்தகமாக்கினார். நம் கி.ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், விவசாயி, இளவயதில் காசநோயோடு போராடியவர். அவருடைய ஊரான இடைசெவலிலேயே 1923-இல் பிறந்த கு.அழகிரிசாமி இளமையிலேயே எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். கூடவே வளர்ந்த சிநேகிதன் பெரிய எழுத்தாளன் ஆகிவிட்ட பிறகு, முப்பத்தைந்து வயதுவாக்கில், பள்ளிப் படிப்பு முழுதாக இல்லாமல், முதல் கதையை எழுத ஒரு மனிதருக்கு எவ்வளவு தயக்கம் வந்திருக்க வேண்டும்! கி.ரா. அதைத் தாண்டி வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. தனக்குத் தெரியாத தமிழைக் கற்றுக்கொண்டு எழுதப் போகவில்லை அவர். தனக்குத் தெரிந்த தமிழிலேயே, சம்சாரிகள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். 1976-இல் 'கோபல்ல கிராமம்', 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதி. ஏட்டுப் படிப்பு குறைந்த அந்த மனிதரைப் பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராகக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் நம் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட அக்காவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர் அவர். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த நாட்களைப் பற்றிப் பேசினார். விடியுமுன்பே கம்பெனி பஸ் ஊர் முக்கில் நின்று ஹார்ன் அடிக்குமாம். தூக்கம் கலையாத பிள்ளையை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸுக்குள் விடுவாளாம். பஸ்ஸிலும் தூக்கம்தான். இறங்கின பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரியுமாம். குச்சி அடுக்குகிற சட்டத்தைச் சொல்லும்போது அவர் கை தானாகவே காற்றில் அடுக்க ஆரம்பித்துவிட்டது. இடது கையில் ஒரு பிடி குச்சி, வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் தள்ளித் தள்ளிப் போகின்றன. அந்தக் கையை நான் பார்த்தேன். சட்டக் கணக்கில்தான் கூலி. அடுக்குவதில் கெட்டிக்காரியான தோழி ஒருத்தி, கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினதும், தான் அடுக்கி முடித்த சட்டம் ஒன்றை இவர் பக்கம் தள்ளி வைப்பாளாம். "அவ ஏன் அப்பிடிச் செஞ்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல" என்றார்.

நாங்கள் யாரும் பேசவில்லை. அதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொண்டுவந்தார். நாலு பக்கம், அழகான கையெழுத்து. குழந்தைத் தொழில் என்பது சமுதாயத்தின் சாபக்கேடு என்று தொடங்கியது. பிஞ்சுக் கரங்கள் வந்தன, வறுமையின் கோரப்பிடி வந்தது, நாளைய பாரதம் வந்தது. பஸ் இல்லை. செருப்பு இல்லை. சட்டத்தைத் தள்ளி வைத்த தோழி இல்லவே இல்லை.

ஏன் அக்கா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "எழுத்துன்னா அப்பிடித்தானே இருக்கணும்?" நண்பர்களே, பயம் எழுதவிடாமல் தடுக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சில பேரை எழுதவிட்டு, அவர்கள் வாயிலிருந்து அவர்களுடைய பேச்சைப் பிடுங்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். மேடைப் பேச்சிலும் தலையங்கத்திலும் ஏற்கெனவே பழகிப்போன சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் யாரும் நம்மைக் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்ற நினைப்பு. அந்தச் சொற்களை யாரும் குற்றம் சொல்லவும் மாட்டார்கள், நினைவில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது அதன் மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, வேலையும் கைப்பிடிப்பும் இல்லாமல் நின்ற காலத்தில் அவர் எழுதியது அது. நாலு பேர் மெச்சுகிற தமிழில் எழுத அவருக்குத் தெரியாமல் இல்லை, ஆசிரியையாக இருந்தவர். இருந்தும் தன் தெருவில் பேசுகிற பேச்சை எடுத்தார். அந்தத் துணிச்சலால்தான் அந்தப் புத்தகம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. நம் தீப்பெட்டி ஆபீஸ் அக்காவும் இப்போது தோழியில் தொடங்கித் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு சாக்கு, அது நம் ஊருக்கென்றே ஏற்பட்டது. "கரிசலைப் பத்தி எழுத இனி என்ன இருக்கு, பெரியவங்க எல்லாத்தையும் எழுதிட்டாங்களே." இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அழகிரிசாமி எழுதிய பிறகு கி.ரா. வந்தார். கி.ரா. எழுதிய பிறகு பூமணி 'பிறகு', 'வெக்கை' என்று வந்தார். அவருக்கும் பிறகு சோ.தர்மன் 'கூகை', 'சூல்' இரண்டையும் எழுதினார். நாலு பேரும் கோவில்பட்டியைச் சுற்றிய ஊர்க்காரர்கள், நாலு பேரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள், ஒருவர் காட்டின கரிசலை இன்னொருவர் காட்டவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டு போன பெண் பிள்ளை எழுதுகிற கரிசல் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி வார்டுக்குள் இரவு இரண்டு மணிக்குத் தெரிகிற கரிசல் வரவில்லை. அது எழுதப்பட்டுவிட்டது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சந்தேகமே படாதீர்கள், தன்னம்பிக்கையோடு எழுதுங்கள் என்று சொல்லும் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சந்தேகம் இல்லாதவர்கள் எழுதிய புத்தகங்களை நான் படித்திருக்கிறேன், அவற்றை முடிப்பது கஷ்டம். நல்ல எழுத்துக்குச் சந்தேகம் கட்டாயம் வேண்டும். அது எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எழுதாத ஒரு பக்கத்தைப் பார்த்து இது நன்றாக இருக்குமா என்று கேட்டால் அதற்கு விடையே கிடையாது. விடை கிடைக்காததால் அந்தக் கேள்வி ஓயவும் ஓயாது, பத்து வருஷம் ஆனாலும் ராத்திரியில் எழுப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுதிய பக்கத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேளுங்கள். உடனே விடை வரும். இந்த வரி பொய். இந்த இடத்தில் அவன் இப்படிப் பேச மாட்டான். இந்தப் பத்தி வேண்டாம், அடுத்த பத்தியில் தொடங்கலாம். ஆளைக் கொன்றுகொண்டிருந்த அதே சந்தேகம் இப்போது பேனா பிடித்து வேலை பார்க்கிறது. உங்கள் சந்தேகத்தை விரட்ட வேண்டாம். அதற்கு முதலில் ஒரு பக்கத்தைக் கொடுங்கள்.

நம் மானாவாரிக் காட்டில் புழுதி விதைப்பு உண்டு. மழை விழுமுன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார்கள். மழை பெய்யட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் கரிசல் குழைந்து காலை இழுக்கும், ஏர் இறங்காது, பருவம் கைவிட்டுப் போய்விடும். தைரியம் வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருப்பவர்களுக்கு நம் சம்சாரிகளைவிட நல்ல வாத்தியார்கள் கிடைக்க மாட்டார்கள்.

ஊரைப் பற்றிய பயத்தைத் தனியாகப் பேச வேண்டும். அது மற்ற பயங்களைப் போல மனசுக்குள் மட்டும் இருப்பதில்லை. "எங்க சாதிசனம் படிச்சா என்ன ஆகும்?", "வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?", "தங்கச்சி கல்யாணம் இன்னும் முடியல" என்று நீங்கள் சொல்லும்போது அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. 'கருக்கு' வந்த பிறகு தன் ஊர்க்காரர்களே கோபப்பட்டுச் சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததைப் பாமாவே சொல்லியிருக்கிறார். பிறகு அதே ஊர் அவரைப் புரிந்துகொண்டது. பெருமாள்முருகனுக்கு நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பில் நெருக்கப்பட்டு, 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எழுத்தாளர் மீண்டு எழுந்து, தனக்கு நன்றாக வருவதைச் செய்யட்டும், எழுதட்டும் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு முடிந்தது. எழுதப் பயந்துபோன ஒரு மனிதரைப் பார்த்து நீதிபதிகள் எழுது என்று சொன்னது நம் காலத்தில், நம் மாநிலத்தில் நடந்தது. அதன் பிறகு முதலில் வெளிவந்த தன் கவிதைத் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'கோழையின் பாடல்கள்'. பயத்தை மறைத்துக்கொண்டு திரும்பி வரவில்லை அவர். பயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார், அதையே எழுதினார். அதே ஆண்டில் 'பூனாச்சி' நாவலும் வந்தது. ஒரு வெள்ளாட்டின் கதை.

துவரங்குறிச்சி சல்மாவை இன்னொரு வகையில் நினைத்துக்கொள்கிறேன். பூப்பெய்தியதும் பள்ளிக்கூடம் நின்றுபோன பெண். கல்யாணத்துக்குப் பிறகு எழுதக் கூடாது என்ற வீட்டில், ராத்திரி கழிப்பறைக்குள் நின்று துண்டுத் தாளில் கவிதை எழுதி, ஒளித்துவைத்து, தாய் மூலமாக வெளியே அனுப்பினார். வீட்டில் அவரைக் கூப்பிடும் பெயர் வேறு. சல்மா என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர், அந்தப் பெயருக்குள் இருந்துகொண்டு எழுதினார். 2000-இல் முதல் தொகுப்பு, 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற பெரிய நாவல். நம் கூட்டத்துக்கு வரும் பெண்களுக்கு இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதுவது ஒரு வேலை, வெளியிடுவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்து, அச்சில் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் எழுதாமலே இருந்துவிடாதீர்கள். எழுதி முடித்த பிறகு பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், புனைபெயர் வைக்கலாம், பத்து வருஷம் பெட்டிக்குள் பூட்டியும் வைக்கலாம். அந்த முடிவையெல்லாம் எடுக்கும் உரிமை எழுதி முடித்தவருக்கு மட்டும்தான் உண்டு. உயிருக்கோ பிழைப்புக்கோ நிஜமான ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால், வெளியிடாமல் பொறுத்திருப்பதைக் கோழைத்தனம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதை எடைபோட வேண்டியவர் நீங்கள், உங்கள் வீட்டையும் தெருவையும் அறிந்தவர் நீங்கள்தான்.

எழுதினால் பேர் வரும் என்றும் நான் சொல்லப்போவதில்லை. ப.சிங்காரம் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, தனியாளாக வாழ்ந்து, இரண்டே நாவல்கள் எழுதினார். 1950-இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்' ஒன்பது வருஷம் காத்திருந்து 1959-இல்தான் புத்தகமாக வந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972-இல். அவர் இருந்த காலத்தில் அந்த நாவல் கவனிக்கப்பட வேண்டிய அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. சோர்ந்துபோய் எழுதுவதையே விட்டுவிட்டார். 1997-இல் காலமானார். இன்றைக்குத் தமிழின் ஆகச் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் அது இருக்கிறது, என் பட்டியலில் முதல் மூன்றுக்குள் இருக்கிறது. இதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. அவருக்குச் செய்ய வேண்டியதைத் தமிழ் வாசகர்கள் நேரத்தில் செய்யவில்லை. அதனால்தான் நான் உங்களைக் கேட்டுக்கொள்வதில் இன்னொரு பாதியும் இருக்கிறது: நம்மில் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால் மற்றவர்கள் அதைப் படிக்க வேண்டும். கடைசிப் பக்கம் வரை படித்து, எது நன்றாக இருந்தது என்பதையும் எங்கே சலித்தது என்பதையும் முகத்துக்கு நேரே, அன்போடு சொல்ல வேண்டும். நல்லா இருக்கு என்று முதுகில் தட்டிவிட்டுப் போவது எழுதியவருக்குச் செய்கிற துரோகம்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். கதையின் முதல் காட்சியில் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் மனசில் எந்த இடம் கண்ணை மூடினால் தெரிகிறதோ அந்த இடத்தை எழுதுங்கள், அது நடுவில் வந்தாலும் சரி, கடைசியில் வந்தாலும் சரி. கதையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். சொல்லச் சொல்ல ஆசை தீர்ந்துபோகும், எழுத உட்காரும்போது மிச்சம் இருக்காது. கூட்டம் முடிந்து உங்களிடம் கதை கேட்டு நானே அந்தப் பாவத்தில் பங்கெடுக்கிறேனோ என்று இப்போது தோன்றுகிறது, இனி கேட்க மாட்டேன். செல்போனில் பேசிப் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதுவது சிலருக்கு நன்றாக வருகிறது. பேச்சு வளமாக இருக்கிறவர்கள் அப்படிச் செய்துபாருங்கள். உலகத்துக்கு எழுதுகிறோம் என்று நினைத்தால் கை நடுங்கும் என்பவர்கள் ஒரே ஓர் ஆளுக்கு எழுதுங்கள். கி.ரா. கதை எழுத வருமுன்பே கடிதங்களில் கை பழகியவர். அவர் கதைகளில் எதிரே ஒருவரை உட்காரவைத்துச் சொல்வது போன்ற குரல் இருப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, இது முக்கியம். முதல் பிரதியை வீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள். அவர்கள் நம்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் நம்மைத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு அந்தக் கதையைத் தெரியாது. "இது நம்ம சித்தப்பாவா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், உங்கள் கை நின்றுவிடும்.

எழுத உட்காரும்போது வயிற்றைப் பிசையும். அது முதல் நாவலுக்கு மட்டும் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஏழெட்டுப் புத்தகம் போட்டவர்களோடு பழகியிருக்கிறேன். அடுத்த நாவலின் முதல் நாள் அவர்களுக்கும் அப்படித்தான். முந்தைய புத்தகத்தில் கற்றது புதிய புத்தகத்துக்கு முழுதாக உதவுவதில்லை. ஒரு வித்தியாசம், அவர்களுக்கு அந்தப் பிசைதல் பழகிவிட்டது, அதோடேயே உட்கார்ந்து எழுதுகிறார்கள். நீங்கள் அது அடங்கட்டும் என்று எழுந்து போய்விடுகிறீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் புத்தகம் எதுவும் பேசப்போவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், முன்னுரை வேண்டாம், எதைப் பற்றி எழுத உத்தேசம் என்ற விளக்கம் வேண்டாம். நாவலிலிருந்து ஒரு பக்கம், உங்கள் பேச்சில். நோட்டில் இருந்தாலும் சரி, செல்போனில் இருந்தாலும் சரி. வாசிக்கக் கூச்சமாக இருந்தால் என்னிடம் கொடுங்கள், உங்கள் பெயரைச் சொல்லாமல் நான் வாசிக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா தன் தோழியைப் பற்றிய பக்கத்தோடு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்து நண்பன்